ஜன்னல் கண்ணாடியும் ஏசி கேஸும்: ஐகால் டிடெக்டர் கதை

வணக்கம் மக்களே! கையில என்னன்னு பாருங்க. 3 மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடி, ரெண்டு துண்டு. தேனி பொட்டிப்புரத்துல மலையைக் குடைஞ்சு வைக்கிறதா இருந்தாங்களே ஐகால், நியூட்ரினோங்கிற குட்டித் துகளைப் பிடிக்கிற 50,000 டன் இரும்பு டிடெக்டர், அதுக்குக் கண்ணே இந்த மாதிரிக் கண்ணாடிதான். அந்தத் திட்டம் வேணுமா வேணாமாங்கிற சண்டைக்கு இன்னைக்குப் போகல. அது தனி வீடியோ.

நியூட்ரினோ நேரா சிக்காது. எப்பவாவது ஒண்ணு இரும்போட அணுக்கருவுல மோதி, மியூவான்னு ஒரு துகள் கிளம்பும். பிடிக்கிறது அதைத்தான். 5.6 சென்டிமீட்டர் இரும்பு, 4 சென்டிமீட்டர் இடைவெளி, மறுபடி இரும்பு, இப்படியே 151 அடுக்கு. இடைவெளியில பூரா கண்ணாடிப் பெட்டி, ஏறக்குறைய 28,800.

பெட்டி ரொம்ப சிம்பிள்ங்க. ரெண்டு கண்ணாடி, நடுவுல 2 மில்லிமீட்டர் சந்து. சந்து எல்லா இடத்துலயும் ஒரே அளவா நிக்கணும், அதுக்காகக் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் பட்டன் வெச்சு ஒட்டுவாங்க. உள்ள 95 சதவீதம் ஆர்-134ஏ. ஆமா, கார் ஏசியில அடைக்கிறோமே, அதே கேஸ்! அதுக்குக் குறுக்க 10,000 வோல்ட். மியூவான் உள்ள பூந்தா வாயுவுல எலக்ட்ரான் உதிரும், அது இன்னும் நாலை உதிர்க்கும், பெருகிட்டே போகும். கண்ணாடி லேசுல மின்சாரத்தை விடாதில்லையா, அதனால அந்த இடத்தோட அடங்கிடும்.

கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வோல்டேஜ் குடுக்கணுமே, அலுமினியம் ஃபாயில் ஒட்டினா போதாதா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒட்டினா உள்ள எலக்ட்ரான் பெருகுறப்ப வர்ற சிக்னலையே மறைச்சிடும்! அதான் கிராஃபைட் கலந்த பெயிண்ட். வோல்டேஜைப் பரப்பும், ஆனா சிக்னலை வெளிய இருக்கிற செப்புப் பட்டைக்கு விட்டுடும். ஒரு பக்கம் நெடுக்குப் பட்டை, மறு பக்கம் குறுக்குப் பட்டை. எந்த நெடுக்குப் பட்டையிலயும் எந்தக் குறுக்குப் பட்டையிலயும் சிக்னல் வந்துச்சுன்னு பார்த்தா மியூவான் போன புள்ளி கிடைச்சிடும். இரும்பைக் காந்தமாக்கிட்டா மியூவான் வளையுற பக்கத்தை வெச்சு, வந்தது நியூட்ரினோவா, அதோட எதிர்த்துகளான ஆன்டிநியூட்ரினோவான்னும் சொல்லிடலாம்.

மதுரையில இதோட குட்டி, 85 டன் மினி-ஐகால் கட்டி ஓட்டிப் பார்த்திருக்காங்க. தரை மேல இருக்கிறதால அதுல விழுறது முக்காவாசி வானத்துலேருந்து கொட்டுற மியூவான்தான். பெட்டியைச் சோதிக்க அது போதும். நியூட்ரினோ வேணும்னா இந்த மியூவான் மழைக்கு ஒதுங்கணும், அதான் தலைக்கு மேல ஒரு கிலோமீட்டர் பாறை கேட்டாங்க.