3 நாளுக்கு ஒருமுறை வென்ஃப்ளான் மாற்றியும் கை வீங்குவது ஏன்?

அடுத்த கேள்வி ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் இருந்து, வென்ஃப்ளான் பற்றி. டிரிப்ஸும் மருந்தும் ஏற்றக் கை ரத்தக்குழாயில் போட்டு வைக்கிற மெல்லிய குழாய்தான் அது. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தங்கச்சி கேட்கிறார்: "எங்கள் வார்டில் 3 நாள் ஆனதும் வென்ஃப்ளானைக் கட்டாயம் மாற்றிவிடுகிறோம். அப்படியும் பலருக்குக் கை சிவந்து வீங்குகிறது. 2 நாளில் மாற்றலாமா அக்கா?"

வேண்டாம்மா. நாளைக் குறைத்தால் நோயாளிக்கு இன்னொரு குத்துதான் கூடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3283 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. 3 நாளுக்கு ஒருமுறை மாற்றியவர்களுக்கும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் ரத்தக்குழாய் அழற்சி, அதாவது நீங்கள் சொல்லும் இந்தச் சிவப்பும் வீக்கமும், ஒரே அளவுதான், 7 சதவீதம். அதற்காக உங்கள் விதியை நாளைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இப்படியொரு விதியை எடுத்த பிறகு ரத்தத்தில் தொற்று கூடியது, திரும்பக் கொண்டுவந்ததும் இறங்கியது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஊசி இடத்தைப் பார்க்கும் பழக்கம் வார்டில் ஊன்றும்வரை அந்த விதி இருக்கட்டும்.

பார்ப்பது என்றால் டிரிப்ஸ் ஓடுகிறதா என்று பாட்டிலைப் பார்ப்பது இல்லை. டிரஸ்ஸிங் மேலேயே விரலால் மெதுவாக அழுத்தி, "கடுக்குதா அண்ணே?" என்று கேட்கணும். கடலுக்குப் போகிறவர்கள் இந்த வலியை எல்லாம் ஒரு வலியாகவே சொல்ல மாட்டார்கள், நாமாகக் கேட்டால்தான் உண்டு. வலி, சிவப்பு, வீக்கம், இதில் இரண்டு சேர்ந்தாலே கழற்றிவிட்டு வேறு இடத்தில் போடுங்கள். ரத்தக்குழாய் கயிறு மாதிரித் தடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

அப்புறம், நம் பக்கத்து வியர்வை. காலையில் ஒட்டிய பிளாஸ்டர் மதியத்துக்குள் ஓரம் விட்டுவிடும். ஓரம் விட்டால் வென்ஃப்ளான் உள்ளே முன்னும் பின்னும் அசைந்து ரத்தக்குழாயின் உட்சுவரை உரசும், அங்கேயே அழற்சி தொடங்கிவிடும். அது அசைகிறதே என்று மேலே மேலே துணி பிளாஸ்டரைச் சுற்றுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. உள்ளே சிவந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாதே! தோலில் தடவிய ஸ்பிரிட் தானாகக் காய்ந்த பிறகு, ஊசி இடம் தெரிகிற டிரஸ்ஸிங்கை ஒட்டுங்கள். நனைந்தாலோ ஓரம் விட்டாலோ அப்போதே மாற்றுங்கள்.

மணிக்கட்டையும் முழங்கை மடிப்பையும் முடிந்தவரை விட்டுவிட்டு முன்கையில் போடுங்கள், அதுவும் அவர் அதிகம் புழங்காத கையில். கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களுக்குப் புறங்கையில் பாறை கீறிய வெட்டு இருக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் தள்ளுவது உங்களுக்கே தெரியும்.

முக்கியமாக, தேவை முடிந்த வென்ஃப்ளான். மருந்து மாத்திரைக்கு மாறியிருக்கும், டிரிப்ஸும் நின்றிருக்கும், ஆனாலும் "எதற்கும் இருக்கட்டும்" என்று கையில் கிடக்கும். டூட்டி ஒப்படைக்கும்போது கட்டில் கட்டிலாகப் போய், "இவருக்கு இது இன்னும் வேண்டுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள், ரவுண்ட்ஸில் டாக்டரிடமும் கேளுங்கள். கழற்றிய பிறகும் 2 நாள் வரை அந்த இடம் சிவக்கலாம். அப்படி ஆனால் உடனே வரச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பணும்.