எலித்திருடன் ஜிரோகிச்சி: அந்தத் துரத்தலை எப்படிப் பார்க்கணும்?

வணக்கம் மக்களே. இன்னைக்கு 1931-ல வந்த ஒரு ஜப்பானிய மௌனப் படம், ‘ஓஅட்சுராயே ஜிரோகிச்சி கோஷி’. போலீஸ் ஒரு திருடனைத் துரத்தற கதை, அந்தத் துரத்தலை எப்படிப் பார்க்கணும்னு சொல்றேன். இயக்கம் தாய்சுகே இட்டோ, திருடனா வர்றது தென்ஜிரோ ஓகோச்சி. இட்டோவோட மௌனப் படங்கள் பெரும்பாலும் அழிஞ்சு போச்சு. ஓரளவு முழுசா மிஞ்சினது இதுதான்.

முதல்ல வேகத்தைச் சரி பண்ணுங்க. செகண்டுக்கு 18 பிரேம்ல 80 நிமிஷம் ஓடற படம், 24-ல ஓட்டினா 60 நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆளுங்க வெடுக் வெடுக்குன்னு நடந்தா பிளேயர்ல 0.75 வைங்க. ஆனா பென்ஷி, அதாவது மௌனப் படத்துக்குக் கூடவே கதை சொல்றவர், குரலோட வர்ற பதிப்புல கை வைக்காதீங்க, அவர் குரல் இழுத்துக்கிட்டு நாராசமா இருக்கும்.

ஜிரோகிச்சி நிஜமாவே இருந்த ஆள். நெசுமி கோசோன்னு பேர் வாங்கினவன் (நெசுமின்னா எலி), 1832-ல எடோவுல, அதாவது இன்னைக்கு டோக்கியோவுல, தலையை வெட்டினாங்க. எடோவை விட்டு ஒசாகாவுக்குத் தப்பி வர்ற ஆளா படம் அவனைக் காட்டுது. ஏழைக்குக் கொடுத்தான்னு சொல்றதெல்லாம் பின்னாடி கட்டின கதைதான். அவன் குறி வெச்சது டைம்யோ பிரபுக்களோட மாளிகை. அது ஏன்னு தெரிஞ்சாதான் துரத்தலே புரியும்.

மாச்சி-புக்யோன்னு ஒரு அதிகாரி. நம்ம ஊர் கலெக்டர், கமிஷனர், ஜட்ஜ் மூணு பேர் வேலையும் அவர் ஒருத்தர் தலையில. எடோவுல வடக்கு, தெற்குன்னு ரெண்டு பேர். புது வழக்கு வாங்கறது மாசம் மாத்தி மாசம். ஆனா அவர் அதிகாரம் நகரத்து ஜனங்க மேல மட்டும்தான். கோயில் நிலத்துக்கு வேற அதிகாரி. டைம்யோ மாளிகைச் சுவருக்கு உள்ள இவர் ஆளுங்க நுழையவே முடியாது. திருட்டுப் போன பிரபுவும் மானம் போகும்னு வாயைத் திறக்க மாட்டார். வாசல்ல காவல் பலம். பெண்கள் இருக்கிற உள்கட்டுல ஆம்பளைக் காவலே கிடையாது. அதனால இந்த மாதிரிப் படத்துல திருடன் சுவர் ஏறினா, அந்தப் பக்கம் யாரோட எல்லைன்னு பாருங்க.

புக்யோ தானே தெருவுல ஓடிப் பிடிக்கிறதெல்லாம் சினிமா. அவருக்குக் கீழ யோரிகிங்கற மேல்நிலை அதிகாரிங்க 25 பேர், அவங்களுக்குக் கீழ தோஷின்ங்கற காவலருங்க நூறு பேருக்குக் கொஞ்சம் மேல. அதுலயும் பாதிக்கு மேல எழுத்து வேலை. பத்து லட்சம் ஜனம் இருக்கிற ஊர்ல இது எம்மாத்திரம்? அதனால தோஷின் தன் கைக்காசைக் கொடுத்து ஒகாப்பிகின்னு துப்பு சொல்ற ஆளுங்களை வெச்சிருந்தாங்க. பல பேர் பழைய குற்றவாளிங்க. திருடனோட சகவாசமும் உண்டு, அவனைக் காட்டிக் கொடுக்கிறதும் உண்டு.

இப்போ கையில இருக்கிறதைப் பாருங்க. ஜிட்டே: ஒன்றரை அடி அளவு இரும்புக் கம்பி, பிடிக்கு மேல ஒரு கொக்கி. வர்ற வாளைக் கம்பியில தடுத்து, கொக்கியில சிக்க வெச்சு, மணிக்கட்டைத் திருப்பணும். கொக்கி சின்னது, ஓங்கி வீசற வாளை அதுல பிடிக்கப் போனா விரல் போயிடும். கூட சசுமாதா, கழுத்தையோ கையையோ சுவரோட அழுத்தற கவைக்கோல். சோதெகராமி, முள்ளு வெச்ச கழி, கிமோனோ கையைச் சுத்தி இழுக்கும். வாள்காரன் ரொம்ப முரண்டு பிடிச்சா நாலு பக்கமும் ஏணியை நீட்டி நெருக்குவாங்க. எல்லாமே உயிரோட பிடிக்கத்தான். மரண தண்டனை கொடுக்கணும்னா குத்தவாளி வாயால ஒத்துக்கணும். பிணம் வாக்குமூலம் கொடுக்காதே. 10 ரியோ (அந்தக் காலத் தங்கக் காசு) இல்ல அதுக்கு மேல திருடினாலே தலை போயிடும்ங்கறதால ஜிரோகிச்சி மாதிரி ஆளுக்கு சரணடையக் காரணமே இல்லை. போலீஸ் சரமாரியா வெட்டித் தள்ளற ஜப்பான் படம் பார்த்தீங்கன்னா, அது வசூலுக்காக வெச்சதுன்னு எடுத்துக்கோங்க.

இட்டோ கிட்ட கேமரா சும்மா நிக்காது, ஓடறவன் கூடவே ஓடும். துரத்தற போலீஸ் கூட்டத்தை விளக்குகளாவே காட்டுவார். இருட்டுல ‘கோயோ’ (அரசாங்க வேலை)ன்னு எழுதின காகித லாந்தர்கள் வரிசையா நகரும். மங்கலான பிரிண்ட்ல அந்த எழுத்து வெளுத்துப் போய் வெறும் வெள்ளைப் புள்ளியாத் தெரியும், அதனால டிவி பிரைட்னஸைக் குறைச்சே பாருங்க.

புக்யோ பக்கத்துல இருந்து பார்க்கணும்னா, 1950-கள்ல சியேசோ கதாவோகா நடிச்ச தோயாமா கின்-சான் படங்களுக்குப் போங்க. தோயாமா 1840-ல வடக்கு புக்யோ ஆன நிஜ ஆள்தான். படங்கள்ல காட்டற மாதிரி தோள்ல செர்ரிப் பூ பச்சை குத்தியிருந்ததுக்கு மட்டும் உறுதியான ஆதாரம் கிடையாது.