டிரிகர் பிளேடு மாற்றியாச்சு! ஒரு ஆலன் கீ படுத்திய பாடு

வணக்கம் மக்களே! இன்று நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். இதோ, இதைப் பாருங்கள். கேமரா ஃபோகஸ் ஆகிறதா? ஆகவில்லை. கொஞ்சம் இருங்கள்... ம், இப்போது சரி. இந்தக் கறுப்புத் துண்டுதான் புது டிரிகர் பிளேடு, பிஸ்டலின் டிரிகரில் விரல் படும் பாகம். அலுமினியம். என் சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இல்லை. விலை 6,800 ரூபாய். கூரியர் தனி. இந்தப் பணத்துக்கு எத்தனை டப்பா பெல்லட் குண்டு வாங்கியிருக்கலாம் என்று அம்மா கேட்டார். அம்மாவுக்கே பெல்லட் விலை தெரியும் அளவுக்கு நம் வீடு வந்துவிட்டது.

சேனலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரே வரி. இது 10 மீட்டர் ஏர் பிஸ்டல், காற்றழுத்தத்தில் சுடும் போட்டித் துப்பாக்கி, என்னுடைய பழைய ஸ்டெயர் எல்பி 10. பழையவர்களுக்கு இதன் கதை முழுக்கத் தெரியும். யாரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன், கிரிப்பில் எவ்வளவு மரப்புட்டி தின்றது, எல்லாம் பார்த்திருக்கிறீர்கள். அதையெல்லாம் திரும்பச் சொல்லப் போவதில்லை.

போன வீடியோவில் டிரிகர் மாற்றப் போகிறேன் என்று சொன்னதும் கமென்டில் ஒரு கூட்டம் இறங்கிவிட்டது. "அக்கா, 100 கிராமுக்கு வையுங்கள், தொட்டாலே வெடிக்கணும், செம மாஸா இருக்கும்." தம்பிகளா, இது சினிமா இல்லை. ஏர் பிஸ்டலில் டிரிகர் எடை, அதாவது சுடுவதற்கு டிரிகரை இழுக்கத் தேவையான விசை, குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மேட்ச் முடிந்து வெளியே வரும்போது கூப்பிட்டு எடைக்கல் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் எடையைத் தாங்காமல் டிரிகர் விழுந்தால், அதாவது தானாகச் சுட்டுவிட்டால், டிஸ்குவாலிஃபை. 60 ஷாட்டும் போச்சு. எடை வரம்பே இல்லாத டிரிகர் வேண்டுமென்றால் 50 மீட்டர் பிஸ்டலுக்குப் போங்கள். கொரியாவின் ஜின் ஜோங் ஓ தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய போட்டி அது. 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அதில் வருத்தம்தான். அது வேறு பேச்சு.

இன்னொரு கமென்ட், இதற்கு மட்டும் சீரியஸாகப் பதில் சொல்கிறேன். "லைசென்ஸ் பிஸ்டலுக்கும் இதே மாதிரி வீட்டில் செய்யலாமா?" கூடாது. நம் ஊரில் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும், 1959 ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உரிமம் உள்ள ஆர்மரரிடம் போங்கள். என் கையில் இருப்பது 4.5 மில்லிமீட்டர் குழல், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் வரம்புக்கு வெகு கீழே. மேட்ச் பிஸ்டல்கள் ஐந்தாறு ஜூல்தான் தரும். அதனால் உரிமம் தேவையில்லாத வகை. அதிலும் நான் இன்று தொடப்போவது விரல் படும் பிளேடையும் டிரிகரைச் சரிசெய்யும் திருகுகளையும் மட்டும். உள்ளே சியர் பக்கம், அதாவது சுடும்வரை பிடித்து வைத்திருக்கும் கொக்கியின் பக்கம், ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டு போகவே மாட்டேன், என்னைக் கொண்டு போகச் சொல்லவும் வேண்டாம்.

சரி, எதற்கு மாற்றுகிறேன்? பழைய பிளேடு வளைந்தது. எனக்கு வளைந்த டிரிகர் பிடிக்காது, என்றைக்கும் பிடித்ததில்லை. அந்த வளைவு என் விரலை அதுவாகவே ஓர் இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. என் கை சின்னது. நுனிவிரலின் சதைப்பகுதி பட வேண்டிய இடத்தில் நகத்தோரம்தான் படுகிறது. அப்படிப் பட்டால் நேராகப் பின்னால் இழுப்பதற்குப் பதில் பிஸ்டலையே இடப்பக்கம் தள்ளுவோம். வலதுகைக்காரர்களுக்கு ஷாட் இடது கீழ் மூலையில் போய் உட்காரும். என் டார்கெட் ஷீட்டெல்லாம் பார்த்திருக்கிறீர்களே, எட்டு மணி திசையில் ஒரு மாநாடே நடக்கும். டார்கெட்டின் நடுவில் இருக்கும் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். 10 மீட்டர் தூரத்தில் கை இம்மி தள்ளினால் 8 தான்.

புதுசு தட்டை. ஓரங்களை மழுக்கியிருக்கிறார்கள், முகத்தில் மெல்லிய கோடுகள். மேலே கீழே நகரும், பக்கவாட்டில் திரும்பும். இந்தக் கோடுகள் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நம் ரேஞ்சில் மே மாதம் எப்படி வேர்க்கும் என்று தெரியும்தானே? விரல் வழுக்காது.

இப்போதுதான் கதையே ஆரம்பம். பெட்டியைத் திறந்தேன். பிளேடு இருக்கிறது, திருகு இருக்கிறது, அதை முடுக்கும் அறுகோணக் கீ இல்லை. 6,800 ரூபாய் வாங்கிவிட்டுப் பத்து ரூபாய் ஆலன் கீயைப் போட மனசு வரவில்லை பாருங்கள்! திருகு எம்3, தலையில்லாத கிரப் ஸ்க்ரூ. அதற்கு 1.5 மில்லிமீட்டர் கீ வேண்டும். வீட்டில் சைக்கிளுக்கு வாங்கிய செட் 2-இலிருந்துதான் ஆரம்பிக்கிறது. தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "1.5-ஆ? அவ்ளோ சின்னது வராதும்மா." அடுத்த கடையில் அண்ணன் ரொம்ப நம்பிக்கையாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் ஒன்றின்கீழ் பதினாறு இன்ச். "இது இன்ச் சைஸ் அண்ணே." "ரெண்டும் ஒண்ணுதாம்மா, போட்டுப் பாருங்க." ஒன்று இல்லை அண்ணே! 1/16 இன்ச் என்றால் 1.59 மில்லிமீட்டர். 1.5 குழிக்குள் அது இறங்காது. சுத்தியலால் தட்டி இறக்கினால் குழியின் ஆறு மூலையும் போய்விடும். 6,800 ரூபாய் பொருளின் தலையில் நான் சுத்தியல் எடுக்கவா? நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் கிடைத்தது சென்னை ரிச்சி தெருவில். 3டி பிரின்டர் பாகங்கள் விற்கிற ஒரு கடை. பிரின்டருக்கும் ரிமோட் காருக்கும் இந்த சைஸ்தான் ஓடுகிறதாம், டப்பா நிறைய வைத்திருந்தார். நாற்பது ரூபாய். பேரம் பேசவே தோன்றவில்லை. ஸ்டீல் தரம் நன்றாக இருக்கிறது, நுனி கூர்மையாக ஆறுமுகமாக இருக்கிறது பாருங்கள். எத்தனை பேர் தேய்ந்த கீயைப் போட்டுத் திருகைக் கெடுத்துவிட்டு டிரிகர் சரியில்லை என்று ரேஞ்சில் புலம்புகிறார்கள்!

இப்போது மாற்றலாம். பழைய திருகைத் தளர்த்தி, பிளேடை அது நகரும் ரயிலிலிருந்து முன்னால் உருவினால் வந்துவிடும்... ஐயோ, நிறுத்துங்கள். முக்கியமானதைச் சொல்லவே இல்லை. இதற்கு முன்பே நான் செய்துவிட்டேன், ஆனால் கேமரா ஆன் ஆகவில்லை. சேம்பரில் பெல்லட் இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் ஏர் சிலிண்டரைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். இதோ, சிலிண்டர் அந்த அலமாரியில். பேரலில் ஆரஞ்சு நிற சேஃப்டி கயிறு உள்ளே விட்டிருக்கிறேன், முனை வெளியே தெரிகிறது. பேரல் பீரோ பக்கம், சமையலறைப் பக்கம் இல்லை. காலியாக இருக்கும்போதும் அப்படித்தான். இதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது.

பழைய பிளேடு எந்த இடத்தில் நின்றது என்று ரயிலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். போனில் ஒரு போட்டோ. அப்புறம் புதுசை உள்ளே தள்ளி, லேசாக மட்டும் முடுக்குங்கள். இறுக்க வேண்டாம். பிஸ்டலைப் பிடித்துக் கண்ணை மூடிக் கையை உயர்த்தி, விரல் தானாக எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். விரலுக்கு ஏற்றபடி பிளேடு நகர வேண்டும், பிளேடைத் தேடி விரல் போகக் கூடாது. எனக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு நூல் கீழே, வலப்பக்கம் லேசான சாய்வு. இது என் கைக்கு. அப்படியே காப்பி அடிக்காதீர்கள்.

இடம் உறுதியானதும் திருகை எடுத்து, அது தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு பொட்டு. சிவப்பு வேண்டவே வேண்டாம். சிவப்பைப் போட்டால் பிறகு சூடு காட்டித்தான் கழற்ற வேண்டியிருக்கும், இந்தச் சின்னத் திருகுக்கு அது அநியாயம். திரும்ப முடுக்கி இரவு முழுக்க இறுகவிட்டேன்.

மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். பிளேடு ஒரு நெம்புகோல். சுழலும் புள்ளியிலிருந்து விரல் தள்ளிப் போகப் போக இழுக்கத் தேவையான விசை குறையும். நான் பிளேடை ஒரு நூல் கீழே இறக்கினேன் இல்லையா? ஸ்ப்ரிங்கை யாரும் தொடவே இல்லை, ஆனாலும் டிரிகர் லேசாகிவிட்டது. 500-ஐ ஒட்டி வைத்திருந்தவர்களுக்கு அது 500-க்குக் கீழே போயிருக்கும். அதனால் எடை பார்த்தே ஆக வேண்டும்.

எடைக்கல்! இதுதான் இந்த வீடியோவின் ஹீரோ. டிரிகர் டெஸ்ட் செய்ய விற்கிற எடைக்கல்லின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். நான் பாரிமுனையில் தராசுக் கடைக்குப் போய் அரைக் கிலோ இரும்புப் படிக்கல் வாங்கினேன். காய்கறிக்காரர்கள் வைத்திருப்பார்களே, அறுகோணமாக, அடியில் ஈயம் வைத்து முத்திரை குத்தியது, அதுதான். சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக் கொக்கி, கட்டுக்கம்பியால் கல்லோடு கட்டு, பிளேடில் கீறல் விழாமல் கொக்கியின் வாயில் ஒரு துண்டு ரப்பர் டியூப். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று பார்க்க நம் தெரு நகைக்கடைக்கே கொண்டு போனேன். அண்ணன் ஒருமாதிரி பார்த்தார். பிறகு தராசில் வைத்தார். 513 கிராம்! யோசித்துப் பாருங்கள். கொக்கியும் கம்பியும் சேர்ந்த அந்த 13 கிராம்தான் எனக்கு வேண்டிய மார்ஜின். 513-ஐத் தாங்கினால் அதிகாரியின் 500-ஐக் கண்ணை மூடிக்கொண்டு தாங்கும். திட்டமிட்டுச் செய்தால்கூட இப்படி அமையாது. நகைக்கடை அண்ணனிடம் இதை விளக்கினேன், அவர் "செய்கூலி சேர்த்து 513" என்றார். அவருக்கு ஒரு லைக் போடுங்கள்.

டெஸ்ட் எப்படி? பிஸ்டலை டிரை ஃபயரில், அதாவது பெல்லட் இல்லாமல் கிளிக் மட்டும் வரும்படி, காக் செய்து, பேரலை நேர் செங்குத்தாக மேலே பார்க்க வைத்து, கொக்கியைப் பிளேடின் நடுவில் மாட்டி, மேசையிலிருந்து கல்லை மெதுவாகத் தூக்க வேண்டும். வெடுக்கென்று தூக்கினால் எந்த டிரிகரும் விழும். கல் மேசையை விட்டு எழும்பியும் கிளிக் சத்தம் வரவில்லை என்றால் பாஸ். முதலில் கிளிக் வந்தது, எதிர்பார்த்ததுதான். ஸ்ப்ரிங் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, இப்போது பாருங்கள்... தூக்குகிறேன்... தொங்குகிறது! ஆடினாலும் விழவில்லை.

டிரிகர் இரண்டு கட்டமாக இழுபடும். எடையை அந்த இரண்டுக்கும் பிரிப்பதில் ஆளுக்கொரு ருசி. நான் முதல் கட்டத்தில் பெரும்பகுதியை வைத்துவிடுவேன். அந்த எடையை விரல் முன்பே சுமந்துவிட்டால், சுவர் மாதிரி ஒரு இடத்தில் நிற்கும். அதற்கு மேல் சின்ன அழுத்தம்தான் பாக்கி, ஊர்ந்து போகாமல் பட்டென்று உடைய வேண்டும், அதாவது ஷாட் போக வேண்டும். எங்கள் கோச் இரண்டாம் கட்டத்தில் கனம் வேண்டும் என்பார். அவரோடு இந்தச் சண்டை என்றும் தீராது. ஸ்டாப் திருகையும் பாருங்கள். ஷாட் போன பிறகு பிளேடு பின்னால் ஓடக் கூடாது. அதற்காக ரொம்பவும் முடுக்கினால் டிரிகர் விழாமலேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு முடி இடைவெளி விடுங்கள்.

"இவ்வளவு பாடுபடுவதற்கு எலக்ட்ரானிக் டிரிகர் வாங்கலாமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். எலக்ட்ரானிக் டிரிகர் உள்ள மொரினி பிஸ்டல் வைத்திருக்கும் என் தோழி அதைத்தான் கும்பிடுகிறாள், உடையும் உணர்வு ரொம்பச் சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021 டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் கெட்டுப்போனதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சர்க்யூட் என்றாலே பயம். நேரம் போய், 575 புள்ளியோடு 12-ஆம் இடம். அதே மனுதான் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார், அது அவருடைய நெஞ்சுரம். எனக்கு அந்த நெஞ்சுரம் இல்லை, திருகும் ஸ்ப்ரிங்கும் போதும்.

ஆ, இன்னொன்று விட்டுப்போச்சு. பழைய பிளேடைத் தூக்கிப் போடாதீர்கள். விற்கும்போது ஒரிஜினல் பாகம் எங்கே என்று கேட்பார்கள். பெட்டியில் போட்டு, கூடவே அதன் திருகையும் டேப் போட்டு ஒட்டிவையுங்கள்.

சரி, ரேஞ்சில் எப்படி இருந்தது? எட்டு மணி மாநாடு கலைந்துவிட்டது. முழுக்க இல்லை, ஆனால் ஷாட்களின் கூட்டம் நடுவுக்கு வந்திருக்கிறது, அகலமும் குறைந்திருக்கிறது. பதட்டத்தில் இழுக்கும்போது இன்னும் ஒன்றிரண்டு கீழே போகிறது. அதற்குப் பிளேடு என்ன செய்யும்?

இப்போது பழைய பிளேடில் எடுத்த டிரை ஃபயர் கிளிப்பையும் புதுசில் எடுத்ததையும் அடுத்தடுத்துப் போடுகிறேன். விரலைப் பார்க்காதீர்கள், கிளிக் வரும்போது குறி பார்க்கும் முன் சைட் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். இடதுகைக்காரர்கள் கமென்டில் சொல்லுங்கள், உங்களுக்கு எந்தப் பக்கம் போகிறது?