முதலில் இடம், அப்புறம் தெய்வம்

நண்பர்களே, வணக்கம். இயற்கை வழியாக ஆன்மிகம் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எனக்கான தெய்வம் எது?" இதற்குப் பதில் சொல்ல இணையத்தில் வினாடி வினாக்களே வந்துவிட்டன. நாலு கேள்விக்கு டிக் அடித்தால் உங்கள் தெய்வத்தின் பெயர் வந்துவிடும். எனக்கு இந்த அவசரம் பிடிக்கவில்லை. நீங்கள் எந்த நிலத்தில் நிற்கிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

தொல்காப்பியம் காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று தெய்வத்தை நிலத்தோடு சேர்த்தே சொல்கிறது. முருகன் உறையும் இடங்களை அடுக்கும் திருமுருகாற்றுப்படையும் படைவீடுகளோடு நிற்கவில்லை. காடு, சோலை, ஆற்றிடைத் திட்டு, குளம், புதிதாகப் பூத்த கடம்பு என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஜப்பானின் நாரா பகுதியில் ஓமிவா ஆலயம் இருக்கிறது. அங்கே தெய்வத்துக்கென்று கருவறைக் கட்டடமே கிடையாது. பின்னால் நிற்கும் மிவா மலையே தெய்வம். வருகிறவர்கள் மலையை நோக்கித்தான் வணங்குகிறார்கள்.

நிலத்தை மறந்தால் என்ன ஆகும்? 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் உருவான விக்கா என்ற இயற்கை வழிபாட்டில் பருவங்களை ஒட்டி ஆண்டுக்கு எட்டு விழாக்கள். அக்டோபர் 31 அன்று வரும் சாவின் விழா, இருள் காலத்தின் வாசல். அதே தேதியை ஆஸ்திரேலியாவில் வைத்தால் அங்கே வசந்தம்! அதனால் அங்குள்ளவர்கள் பலர் அதை ஏப்ரல் கடைசிக்கு மாற்றிக்கொண்டார்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கோ பகலும் இரவும் ஆண்டு முழுக்க ஏறக்குறைய சமம்தான். அவர்கள் மழையையும் காற்றையும் வைத்துத்தான் விழா குறிக்க வேண்டும்.

ஆகவே, நடந்து போகும் தூரத்தில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மரம் போதும். ஒரு வருடம் எந்த வேண்டுதலும் இல்லாமல் அங்கே போய் வாருங்கள். எப்போது இலை உதிர்கிறது, எந்தப் பறவை எப்போது வருகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சலிப்பைத் தாண்டாமல் உறவு எதுவும் வராது என்பது என் கட்சி.

ஏதாவது படைக்கத் தோன்றினால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். வேருக்குப் பக்கத்தில் தீ வேண்டாம், உப்பு வேண்டாம், பட்டையில் ஆணியும் கூடாது. சுற்றிக் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிப் போட்டால், என்னைக் கேட்டால், அதுவே நல்ல படையல்.

அடுத்தது அறிகுறி. காகம் கத்தியது, இலை விழுந்தது, தெய்வம் பேசிவிட்டது என்கிறார்கள். காகம் கத்தத்தான் செய்யும்! தோன்றியதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அர்த்தத்தைச் சில மாதங்கள் கழித்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு குரல் தூங்கவிடாமல் கட்டளையிட்டு மிரட்டுகிறது என்றால் மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை. அதில் பக்திக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொன்று, சில பழங்குடிச் சடங்குகள் அவர்களுடைய அனுமதியோடு மட்டுமே செய்யக்கூடியவை. புத்தகத்தில் படித்துவிட்டு அவற்றை எடுத்துச் செய்யாதீர்கள்.

சரி, பெயர் எப்போது வரும்? சிலருக்குச் சின்ன வயதில் வீட்டில் கேட்ட பெயரே அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிலருக்குப் பழைய கதை ஒன்றைப் படிக்கும்போது, "இது அந்த ஆற்றங்கரையில் இருப்பதுதானே!" என்று பொறிதட்டும். கடைசிவரை பெயரே வைக்காமல் கும்பிடுகிறவர்களும் உண்டு.

மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன், மரமே இல்லை என்பவர்களுக்குச் சூரியன் இருக்கிறதே. கிழக்கு ஜன்னல் வழியாக அது உதிக்கும் இடத்தை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். டிசம்பர் கடைசியில் தெற்கு ஓரத்தில் இருப்பது ஜூன் கடைசியில் வடக்கு ஓரத்துக்குப் போயிருக்கும். பஞ்சாங்கத்தில் படித்த அயனத்தை நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து உங்கள் வழிபாட்டைத் தொடங்கலாம்.