முதல் கியரிலேயே முடிந்துவிடும் சிங்கப்பூர்! யமஹா ஆர்6 பைக்கில் தினமும் வேலைக்குப் போனால் என்ன ஆகும்?

[காட்சி: பல மாடி வாகன நிறுத்துமிடம், காலை 6.30. எஞ்சின் உறுமுகிறது.]

இந்த பைக்கை முதல் கியரில் போட்டுக் கடைசிவரை முறுக்கினால் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். முதல் கியரில்! நம் விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வேகம் 90. அப்படியென்றால் மீதி ஐந்து கியர் எதற்கு என்று கேட்கிறீர்களா? நானும் தினமும் காலையில் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம். இது யமஹா ஆர்6. 599 சிசி, நான்கு சிலிண்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 16,000 சுற்றுவரை கத்தும். பந்தயத் தடத்தில் பிறந்த வண்டி. இதில் நான் ஈசூனிலிருந்து ஜூரோங்குக்கு வேலைக்குப் போய் வருகிறேன். சாப்பாட்டு டப்பாவோடு.

சலிப்பான பகுதியை முதலில் முடித்துவிடுவோம், மூச்சு விடாமல் சொல்கிறேன். கிளாஸ் 2பி ஓட்டுநர் உரிமம் எடுத்தால் 200 சிசி வரை ஓட்டலாம். ஒரு வருடம் போனால் 2ஏ, 400 வரை. இன்னொரு வருடம் போனால் கிளாஸ் 2, எது வேண்டுமானாலும். அடுத்து சிஓஇ, அதாவது வண்டி வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்று, பத்து வருடத்துக்கு. 2022-இல் அதன் விலை 12,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியபோது பலபேர் பைக் ஆசையையே மடித்து வைத்தார்கள். 125 சிசி-க்கும் 1,000 சிசி-க்கும் ஒரே சிஓஇ பிரிவுதான் என்பதைக் கவனியுங்கள். "இவ்வளவு கொடுத்தாச்சு, பெரிசாவே வாங்கிடுவோமே" என்று புத்தி வழுக்கும் இடம் அதுதான். எனக்கும் அங்கேதான் வழுக்கியது. முடிந்தது. இனி விஷயத்துக்கு வருவோம்.

[காட்சி: கோப்பிக் கடை முன்னால் பைக். நான் அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.]

வாங்கிய புதிதில் எங்கள் புளோக் கோப்பிக் கடையில் ஓர் அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது உட்கார்ந்து ஓட்டுற வண்டியா, படுத்துக்கிட்டு ஓட்டுற வண்டியா?"

சிரித்துவிட்டேன். ஆனால் ஸ்போர்ட்ஸ் பைக்கைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை இதுவரை நான் கேட்டதில்லை.

இதோ பாருங்கள். சீட் 850 மில்லிமீட்டர் உயரத்தில். கைப்பிடி அதற்கு முன்னால், தாழ்வாக. கால் வைக்கும் இடம் பின்னால், மேலே. ஆக, உடம்பின் மேல்பாதி முன்பக்கம் கவிழ்கிறது. கவிழ்கிற பாரத்தை யார் தாங்குவது? மணிக்கட்டு. முதல் மாதம் வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றவே விரல் மடங்காது.

"அப்படியானால் இதை வடிவமைத்தவர்களுக்கு அறிவில்லையா?" இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அவர்கள் ஒருவரை நம்பித்தான் இப்படிச் செய்தார்கள். காற்றை.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சில் வந்து மோதிப் பின்னால் தள்ளுகிறது. கவிழ்கிற உடம்பை அந்தக் காற்றே ஏந்திக்கொள்கிறது. மணிக்கட்டில் பாரம் குறைகிறது, கை இலேசாகிறது. தடத்தில் ஓட்டுபவர்கள் கைவலி என்று அவ்வளவாகப் புலம்பாததற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது கணக்கைப் பாருங்கள். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடியில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் காற்று நான்கு மடங்கு, வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. திருப்பிப் போட்டால், 150-இல் போகிறவருக்குக் கிடைக்கிற தாங்கலில் ஒன்பதில் ஒரு பங்குதான் 50-இல் போகிற எனக்கு. மீதி எட்டுப் பங்கையும் என் கையே கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதாவது, இந்த வண்டிக்குக் காற்று என்று ஒரு நாற்காலி உண்டு. சிங்கப்பூரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சம்மன் வரும்.

இதற்கு மருந்து உண்டு. முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடியுங்கள், வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்குங்கள். சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க ஒரு சோதனை: முன்னால் ஆளில்லாத நேராக இருக்கும் சாலையில், பிடியை விடாமல், முழங்கைகளைக் கோழி இறக்கை மாதிரி மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கையில் பாரம் இல்லை. ஆடவில்லையா, கைப்பிடிமேல் சாய்ந்து கிடக்கிறீர்கள். பக்கத்து லாரியில் இருந்தவர் ஒரு நாள் நான் இறக்கை அடிப்பதைப் பார்த்துத் தானும் அடித்துக் காட்டினார். அவருக்கு என் நன்றி.

[காட்சி: உட்லண்ட்ஸ் பாலத்தில் பைக் வரிசை.]

அடுத்து சூடு. உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவுக்குப் போகும் இந்த ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் வார இறுதியில் அதில் ஊர்ந்து பாருங்கள். தண்ணீர் குளிரூட்டியுள்ள எஞ்சின் இது. வண்டி நின்றால் ரேடியேட்டருக்குள் காற்று புகாது. எஞ்சின் சூடேறியதும் விசிறி சுழன்று, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி அத்தனை சூட்டையும் தொடைமேல் ஊதும். வெளியே 32 டிகிரி, உள்ளே ஜாக்கெட். இடது கை கிளட்சைப் பிடித்துப் பிடித்து மரத்துப் போயிருக்கும். அப்போது பக்கத்தில் ஒரு கப்சாய், அந்தச் சின்ன சாதாரண பைக், போகும் பாருங்கள்! 110 சிசி, கிளட்ச் பிடி கிடையாது, முன்கூடையில் ரொட்டிப் பொட்டலம், ஓட்டுபவர் செருப்புக்காலோடு. நேராக நிமிர்ந்து, சோபாவில் உட்கார்ந்த மாதிரி. என்னைக் கடந்து போகிறார். இந்த வகை வண்டிகளின் மூதாதையான ஹோண்டா கப் 1958-இல் வந்தது. 2017-க்குள் பத்துக் கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. அந்தப் பத்துக் கோடியில் ஒன்றுகூட என் மணிக்கட்டைப் போல வலித்திருக்காது.

நிறுத்துமிடம்? அரசு அடுக்குமாடி வீடுகள் உள்ள வீவக பேட்டையில் ஒரு பகலுக்கு 65 காசு. கார்க்காரர்கள் கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

சாமான் வாங்குவது பெரிய கதை. அம்மா தேக்கா சந்தைக்குப் போய் மீனும் கறிவேப்பிலையும் வாங்கி வரச் சொன்னார். "நீங்களும் ஏறுங்க, போயிட்டு வரலாம்" என்றேன். பின்சீட்டைப் பார்த்தார். அது சீட் இல்லை, பென்சில் பெட்டி. "இதுல என்னை ஏத்திடலாம்ப்பா, இறக்கக் கிரேன் வேணும்" என்று வர மறுத்துவிட்டார். நான் மட்டும் போய்த் தோள்பையில் மீனோடு திரும்பினேன். வழியெல்லாம் பையிலிருந்து ஐஸ் தண்ணீர் முதுகில் இறங்கியது. சூட்டுக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஏன் விற்கவில்லை என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், தினசரிக்கு ஆர்3, நிஞ்சா 400 மாதிரி வண்டிகள் போதும். கைப்பிடி உயரம், சீட் தாழ்வு, 2ஏ உரிமமே போதும். தம்பி கேட்டால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் தீவு விரைவுச்சாலைக்குள் ஏறுகிற அந்த வளைவு இருக்கிறதே, காலை ஏழு மணிக்கு முன்னால், சாலை காய்ந்திருக்கும்போது... வண்டி நினைத்த பக்கம் சாயும். கையால் திருப்பவே வேண்டாம், பார்க்கிற பக்கம் போகும். மொத்தம் எட்டு விநாடி. அதற்காகத்தான் மீதி நாற்பது நிமிடத்தையும் பொறுத்துக்கொள்கிறேன். இது அறிவுள்ள பதில் இல்லை, தெரியும்.

உங்கள் தினசரி வண்டி எது, மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். கப்சாய் ஓட்டுபவர்கள் ரொம்பப் பெருமையடிக்க வேண்டாம். லைக் பட்டனையும் ஒரு தட்டு தட்டுங்கள், விரல் மடங்குகிறவர்கள்.

[காட்சி: மேம்பாலத்தின் அடியில் பைக்கர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மழை கொட்டுகிறது. எல்லோரும் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள்.]

இல்லை, நான் இன்னும் கொஞ்ச நேரம் இங்கேதான் இருப்பேன். இந்த சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டு வைக்க இடம் கிடையாது.