"யாஹ்யாவை நெருக்க வேண்டாம்": 1971இல் நிக்சன் அரசு எடுத்த முடிவு

வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பேசத் தொடங்கும் முன் இந்தப் பழைய கடித உறையைக் காட்டிவிடுகிறேன். என் தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடைத்தது. 1972ஆம் ஆண்டு தபால் முத்திரை. உள்ளே இருப்பது சாதாரணக் குசல விசாரிப்புதான். உறையில் வழக்கமான தபால்தலைக்குப் பக்கத்தில் 5 பைசாவுக்கு இன்னொரு தலை ஒட்டியிருக்கிறது. 'அகதிகள் நிவாரணம்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்கிறார்கள். இங்கே இருக்கும் பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கும். 1971 நவம்பர் நடுவிலிருந்து, இந்தியாவின் எந்த மூலையிலிருந்து கடிதம் போட்டாலும் இந்த 5 பைசாவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து, அதாவது அன்றைய கிழக்குப் பாகிஸ்தானான இன்றைய வங்கதேசத்திலிருந்து, ஓடிவந்த ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குச் சோறு போட வேண்டியிருந்தது.

அவர்கள் ஏன் ஓடிவந்தார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவர்களை விரட்டிய ராணுவத்தின் கையைப் பிடித்து நிறுத்த முயன்றிருக்கக்கூடிய ஓர் ஆட்சி அப்போது வாஷிங்டனில் இருந்தது. அது என்ன செய்தது, எதையெல்லாம் தெரிந்துகொண்டு செய்தது என்பதுதான் இன்றைய பேச்சு. அன்றைய அமெரிக்க அதிபர் நிக்சன் என்றதும் வாட்டர்கேட் ஞாபகம் வரும். ஒரு கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்த விவகாரத்தை மூடி மறைக்கப் பார்த்து அவர் பதவியை இழந்தார். 1971க்காக அவரை எந்த மன்றமும் கூண்டில் ஏற்றவில்லை. என்னைக் கேட்டால், அவருடைய ஆட்சியின் பெரிய குற்றங்களில் ஒன்று அதுதான்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970 நவம்பர் 12 இரவு போலா புயல் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கியது. குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். மேற்கிலிருந்து ஆண்ட ராணுவ அரசு அந்தச் சாவை எவ்வளவு அலட்சியமாகப் பார்த்தது என்பதை வங்காளிகள் மறக்கவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில், கிழக்கின் 162 நேரடித் தொகுதிகளில் 160இல் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. நாடு முழுவதற்கும் சேர்த்தே அதுதான் பெரும்பான்மை. நியாயப்படி முஜிப் பாகிஸ்தானின் பிரதமராகியிருக்க வேண்டும். அதிபர் யாஹ்யா கான் மார்ச் 1ஆம் தேதி தேசிய அவைக் கூட்டத்தைத் தள்ளிவைத்தார். மார்ச் 25 இரவு டாக்கா நகருக்குள் டாங்கிகள் இறங்கின. பல்கலைக்கழகத்தின் ஜகன்னாத் விடுதியில் மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஆசிரியர்களை வீடு தேடிப் போய்க் கொன்றார்கள். அந்த டாங்கிகளில் எம்-24 ரகமும் இருந்தது. அமெரிக்கா கொடுத்தது. பின்னால் கிராமங்களின் மேல் பறந்த சேபர் விமானங்களும் அமெரிக்கா கொடுத்தவையே.

இனித்தான் நான் சொல்லவந்த விஷயம் வருகிறது. அப்போது டாக்காவில் அமெரிக்கத் துணைத்தூதரகம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் ஆர்ச்சர் பிளட். புரட்சிக்காரரல்ல. பணிமூப்புப்படி படிப்படியாக மேலே வந்துகொண்டிருந்த அரசு அதிகாரி. அவர் கண்ணெதிரே நகரம் எரிந்தது. மார்ச் 28ஆம் தேதி வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார். தலைப்பு: 'தேர்ந்தெடுத்த இனப்படுகொலை'. அவாமி லீக்கினர், மாணவர்கள், ஆசிரியர்கள், இந்துக்கள் என்று யார் யாரைக் குறிவைக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு நாளும் எழுதினார். பதிலே இல்லை. ஒரு வாரம் பொறுத்தார்கள். ஏப்ரல் 6ஆம் தேதி அங்கே பணியாற்றிய அமெரிக்கர்கள் 20 பேர் கையெழுத்திட்டு ஒரு மறுப்புத் தந்தி அனுப்பினார்கள். ஜனநாயகம் நசுக்கப்படுவதைக் கண்டிக்க எங்கள் அரசு தவறிவிட்டது, கொடுமைகளைக் கண்டிக்கத் தவறிவிட்டது என்று வரிக்கு வரி அடுக்கினார்கள். எங்கள் அரசு அறத்தில் திவாலாகிவிட்டது என்றே பலரும் நினைப்பார்கள் என்றும் எழுதினார்கள். சம்பளம் கொடுக்கும் அரசைப் பார்த்து அரசு ஊழியர்கள் எழுதிய வார்த்தைகள் இவை.

பிளட் அதில் கையெழுத்திடவில்லை. இந்த அலுவலகத்தின் தலைவராக இருக்கும்வரை நான் கையெழுத்திடுவது முறையாகாது, ஆனால் இவர்களுடைய கருத்துதான் என் கருத்தும் என்று அடியில் தானே ஒரு குறிப்புச் சேர்த்து அனுப்பினார். முறையையும் விடவில்லை, மனசாட்சியையும் விடவில்லை. அந்தக் குறிப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கொஞ்ச நாளில் அவரை டாக்காவிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டு, உள்நாட்டில் பணியாளர் பிரிவில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஏறிக்கொண்டிருந்த படி அத்தோடு நின்றது.

எச்சரித்தவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. டில்லியில் தூதராக இருந்த கென்னத் கீட்டிங், நிக்சனின் குடியரசுக் கட்சியின் செனட்டராக இருந்தவர். அவர் ஜூன் மாதம் வெள்ளை மாளிகைக்கே போய், நடப்பது இனப்படுகொலை என்று நிக்சனிடம் நேரில் சொன்னார். அவர் போன பிறகு, இந்தியர்கள் இவரை வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்று நிக்சனும் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸிஞ்சரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஆகவே, தகவல் கிடைக்கவில்லை என்ற சாக்கு இந்த ஆட்சிக்குப் பொருந்தாது. ஏப்ரல் 28ஆம் தேதி கிஸிஞ்சர் சில வழிகளைக் குறிப்பிட்டு ஒரு கோப்பை நிக்சனுக்கு அனுப்பினார். நிக்சன் அதில் தன் கைப்பட எழுதினார்: "எல்லோருக்கும்: இந்த நேரத்தில் யாஹ்யாவை நெருக்க வேண்டாம்." 'வேண்டாம்' என்பதற்குக் கீழே மூன்று கோடுகள் போட்டிருக்கிறார்.

ஏன்? நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். 1949க்குப் பிறகு அமெரிக்காவும் சீனாவும் பேசிக்கொள்ளவில்லை என்றே சொல்லலாம். அந்தக் கதவைத் திறக்க நிக்சன் விரும்பினார். பீகிங்குக்குச் செய்தி கொண்டுபோகும் ஆளாக யாஹ்யா கான் கிடைத்தார். 1971 ஜூலையில் பாகிஸ்தான் போன கிஸிஞ்சர், வயிற்றுவலி, மலைவாசத்தலத்தில் ஓய்வெடுக்கிறார் என்று ஊரை நம்பவைத்துவிட்டு, 9ஆம் தேதி விடியற்காலையில் பாகிஸ்தான் விமானத்தில் ரகசியமாகச் சீனா போனார். 15ஆம் தேதி நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி அதை அறிவித்ததும் உலகமே வியந்தது. சீனாவோடு பேசியதை நான் குறை சொல்லவில்லை. பெரிய காரியம்தான். யாஹ்யாவைப் பகிரங்கமாகக் கண்டித்திருந்தால் அந்தக் காரியம் கெட்டிருக்கும் என்பதுதான் கிஸிஞ்சர் பிற்காலத்தில் சொன்ன சமாதானம். தனிமையில் பேசினால்தான் பலன் கிடைக்கும் என்றும் சொன்னார்.

இதை நிதானமாக எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒப்பவில்லை. செய்தி கொண்டுபோக ருமேனியா வழியும் இருந்தது. அதைவிட முக்கியம், ஜூலையில் கிஸிஞ்சரும் சீனப் பிரதமர் சூ என்லாயும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிவிட்டார்கள். அதன்பின் பாரிஸ் வழியாக நேரடித் தொடர்பும் வந்துவிட்டது. தூதுக்காரர் தேவைப்படாத நிலை. அந்த ஜூலைக்குப் பிறகாவது யாஹ்யாவிடம் குரலை உயர்த்தியிருக்க வேண்டாமா? உயர்த்தவில்லை. வாஷிங்டன் இன்னும் அதிகமாக அவர் பக்கம் சாய்ந்தது. தனிமையில் கடுமையாகப் பேசினார்களா என்றால், ஆயுதத்தையும் கடனையும் காட்டி உறுதியாக நெருக்கியதற்கு ஆவணம் எதையும் நான் பார்க்கவில்லை.

ஆயுத விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். பாகிஸ்தானுக்கு ஆயுதம் நிறுத்தப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கையில் அமெரிக்க மக்கள் இருந்தார்கள். ஜூன் மாதம், ஆயுதத் தளவாடங்களோடு கப்பல்கள் நியூயார்க்கிலிருந்து கராச்சிக்குப் புறப்படுவதை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. முன்பே கொடுத்த உரிமங்களின் பேரில் சரக்கு போய்க்கொண்டிருந்தது. ஜூலையில் பால்டிமோர் துறைமுகத்தில் 'பத்மா' என்ற பாகிஸ்தான் சரக்குக் கப்பலைச் சில அமெரிக்கர்கள் சின்னஞ்சிறு படகுகளில் துடுப்பு வலித்துப்போய் மறித்தார்கள். கைதானார்கள். அந்தப் படகில் இருந்தவர்களும் அமெரிக்கர்கள்தான், தந்தியில் கையெழுத்திட்டவர்களும் அமெரிக்கர்கள்தான். அமெரிக்கா என்றாலே எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம்.

நம் பக்கத்துத் தீவின் பங்கையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து இந்திய வான்வழி பாகிஸ்தானுக்கு மூடப்பட்டிருந்தது. மேற்கிலிருந்து டாக்கா போன பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு பறந்தன.

கல்கத்தாவின் சால்ட் லேக் முகாமில் மழைக்காலத்தில் குடும்பங்கள் பெரிய சிமெண்ட் குழாய்களுக்குள் குடியிருந்தன. காலரா பரவியது. ஆகஸ்டில் செனட்டர் எட்வர்ட் கென்னடி வந்து முகாம்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி, தன் அரசைக் கடுமையாகச் சாடினார். அகதிகளுக்கு அதிகம் பணம் கொடுத்த நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு கையால் அகதிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே, அவனை அகதியாக்கியவனின் தோளில் மறு கையைப் போட்டிருந்தார்கள். அந்த ஆண்டில் வங்காளிக் கும்பல்களும் உருது பேசும் பீகாரிகளைக் கொன்றன. அந்த உயிர்களும் உயிர்கள்தான். வங்காளிகளின் விடுதலைப் படையான முக்தி பாகினிக்கு இந்தியா ஆயுதமும் பயிற்சியும் கொடுத்ததும் உண்மை.

நவம்பர் 4, 5 தேதிகளில் இந்திரா காந்தி வாஷிங்டன் போனார். இரண்டாம் நாள் காலையில் நிக்சனும் கிஸிஞ்சரும் அவரையும் இந்தியர்களையும் பற்றிப் பேசிக்கொண்ட பேச்சு ஒலிநாடாவில் இருக்கிறது. 2005இல் எழுத்து வடிவில் வெளியானது. அந்த வசைகளை இந்த மேடையில் நான் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். கிஸிஞ்சரே அப்போது வருத்தம் தெரிவித்தார். நான் இதைக் குறிப்பிடுவது வசவுக்காக அல்ல. ஒரு கோடி மனிதர்களின் கதியைத் தீர்மானிக்க வேண்டிய அறையில் எரிச்சலும் இளக்காரமும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன என்பதற்காக.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத்தளங்களைத் தாக்கின. போர் தொடங்கியது. அன்று நடந்த ரகசியக் கூட்டத்தில் கிஸிஞ்சர், இந்தியாவிடம் நாம் போதிய கடுமை காட்டவில்லை என்று அரைமணிக்கொரு தரம் அதிபர் என்னைப் பிடித்து உலுக்குகிறார், அவர் பாகிஸ்தான் பக்கம் சாயச் சொல்கிறார் என்றார். கூட்டக் குறிப்பு பத்திரிகையாளர் ஜாக் ஆண்டர்சன் கைக்கு வந்து அச்சாகிவிட்டது. வெளியில் நடுநிலை பேசிய அரசின் உட்குரல் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.

அந்தச் சாய்வு எவ்வளவு தூரம் போனது தெரியுமா? ஜோர்டானிடம் இருந்த அமெரிக்கத் தயாரிப்பான எஃப்-104 போர்விமானங்களைப் பாகிஸ்தானுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். இது சட்டப்படி செல்லாது என்று வெளியுறவுத்துறையும் பாதுகாப்புத்துறையும் சொல்லின. தெரிந்தே, மறைவாக அனுப்பவைத்தார்கள். டிசம்பர் 10ஆம் தேதி நியூயார்க்கில் சீனத் தூதர் ஹுவாங் ஹுவாவைக் கிஸிஞ்சர் ரகசியமாகச் சந்தித்து, சீனா இந்திய எல்லையில் அசைந்தால் அமெரிக்கா துணை நிற்கும் என்று உணர்த்தினார். சோவியத் ஒன்றியமோ ஆகஸ்ட் 9ஆம் தேதியே இந்தியாவுடன் ஒப்பந்தம் போட்டிருந்தது. சீனா அசைந்திருந்தால் அணு ஆயுதம் வைத்திருந்த மூன்று நாடுகள் நேருக்கு நேர் நின்றிருக்கும். எதற்காக? மக்கள் வாக்கை மிதித்த ஒரு ராணுவ ஆட்சியின் மானத்துக்காக! நல்லவேளை, சீனா அசையவில்லை.

அணுசக்தியில் ஓடும் விமானந்தாங்கிக் கப்பல் எண்டர்பிரைஸ், வியட்நாம் கடலிலிருந்து கிளம்பி மலாக்கா நீரிணை வழியாக வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. டாக்காவில் இருக்கும் அமெரிக்கர்களை மீட்க என்று காரணம் சொன்னார்கள். பிரிட்டிஷ் விமானங்கள் டிசம்பர் 12ஆம் தேதியே வெளிநாட்டவர்களை டாக்காவிலிருந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டன. கப்பல் விரிகுடாவுக்குள் நுழைந்தது 15ஆம் தேதி. மறுநாள் டாக்காவின் ரம்னா மைதானத்தில், கிழக்கிலிருந்த பாகிஸ்தான் படையின் தளபதி ஜெனரல் நியாஸி சரணடைந்தார். அந்தக் கப்பல் யாரையும் காப்பாற்றவில்லை. அதன் நிழல் மட்டும் இந்தியாவின் பாதுகாப்புச் சிந்தனையில் பல ஆண்டுகள் விழுந்து கிடந்தது. மேற்குப் பாகிஸ்தானை இந்தியா விழுங்கிவிடாமல் தடுத்தோம் என்று நிக்சனும் கிஸிஞ்சரும் பிறகு எழுதினார்கள். இந்தியா மேற்கில் தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது.

இறந்தவர்கள் 30 லட்சம் என்கிறது வங்கதேசம். அதைவிட மிகக் குறைவு என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கும் லட்சங்களில்தான் நிற்கிறது.

அத்தோடும் முடியவில்லை. 1972 ஏப்ரல் 4ஆம் தேதிதான் அமெரிக்கா வங்கதேசத்தை அங்கீகரித்தது. 1974இல் அந்தப் புதிய நாடு கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றது. விற்பதற்கு அதனிடம் வேறு பெரிதாக என்ன இருந்தது? கியூபாவோடு வியாபாரம் செய்யும் நாட்டுக்கு உணவு உதவி கிடையாது என்று வாஷிங்டன் சட்டத்தைக் காட்டியது. சாக்கு ஏற்றுமதியை நிறுத்தி, தானியக் கப்பல் வந்து சேர்வதற்குள் ரங்பூர் பக்கம் பஞ்சம் தன் வேலையை முடித்துவிட்டது. ஏறத்தாழ 26,000 பேர் இறந்ததாக அரசு ஒப்புக்கொண்டது. உண்மை அதைப் போலப் பல மடங்கு என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். ஜோர்டான் விமானங்களை அனுப்பச் சட்டத்தைத் தாண்ட முடிந்தவர்களுக்கு, அரிசிக்காக ஒரு சட்டத்தைத் தளர்த்த மனம் வரவில்லை.

நான் சொல்லவந்தது இவ்வளவுதான். கேள்விகள் இருந்தால் எழுந்து கேளுங்கள். இந்த உறையை மேசையிலேயே வைக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இளைஞர்கள் வந்து அந்த 5 பைசாத் தலையைக் கிட்டத்தில் பாருங்கள். காகிதம் நைந்துவிட்டது, ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.