கல்லாங்குத்து என்று எழுதியிருந்த இடம்

(வேலூரில் கல்லூரி மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது. பேச்சை ஓரளவு செப்பம் செய்து எழுதியிருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

திரையில் ஒரு பானை ஓடு தெரிகிறது, பாருங்கள். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்று போகாமல் கறுத்துவிடும், வெளியே நெருப்பும் காற்றும் பட்டுச் சிவந்துவிடும். இரும்புக்கால மக்களின் கைவேலை. இதை நான் எந்த அகழாய்வுக் குழியிலும் பார்க்கவில்லை. புதிதாகப் போட்ட ஒரு தார் ரோட்டின் ஓரத்தில், கிராவல் கொட்டிச் சமப்படுத்திய இடத்தில் பார்த்தேன். முதல் மழையில் மேல்மண் கழுவிப் போயிருந்தது. குனிந்து பார்த்தால், பத்தடிக்குள் நாற்பது ஐம்பது ஓடுகள். நடுவில் தடித்த ஒரு தாழியின் விளிம்பு.

அந்த ரோட்டுக்குத் தொல்லியல் அறிக்கை எழுதியவன் நான்தான். "வழித்தடத்தில் தொல்லியல் எச்சங்கள் எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். நான் எழுதியது பொய்யில்லை. ரோடு போகும் கோட்டில் எதுவும் இருக்கவில்லை. ஆனால் ரோட்டுக்கு மண் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கொடுத்த வரைபடத்தில் ரோடு மட்டும்தான் இருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, ஒரு மலையடிவாரத்திலிருந்து கிராவலை அள்ளி டிப்பரில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். அந்த அடிவாரத்தில் ஒரு ஈமக்காடு, அதாவது அந்தக் காலத்து மக்கள் இறந்தவர்களைப் புதைத்த இடம், இருந்திருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது பத்தடி ஆழத்துக்குப் பள்ளமும், ஓரத்தில் உருட்டித் தள்ளிய வட்டக்கற்களும்தான் மிச்சம்.

இன்றைக்கு உங்களிடம் பேச வந்ததே அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோடு, ரயில்பாதை, மின்கோபுரம், தொழிற்பேட்டை, குவாரி என்று எது வருவதாக இருந்தாலும் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே ஆராய ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. காற்று, தண்ணீர், சத்தம், மரம், பறவை என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே ஆள் உண்டு. நான் அங்கே தொல்லியல் ஆள். இயந்திரம் வருவதற்கு முன்னால் அந்த நிலத்தில் நடந்து, பழைய ஊர், பழைய சுடுகாடு, நடுகல், பாறை ஓவியம், கல்வெட்டு எதுவாவது இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது என் பொறுப்பு.

அமெரிக்காவில் இது பெரிய தொழில். 1966-ல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தில் 106-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலந்த எந்த வேலையானாலும், அது பழைய இடங்களை எப்படிப் பாதிக்கும் என்று முதலில் பார்த்தாக வேண்டும் என்கிறது அது. அங்கே தொல்லியல் படித்தவர்களில் பெரும்பாலோருக்குச் சோறு போடுவது பல்கலைக்கழகம் இல்லை, இந்த வேலைதான். குறிப்பிட்ட இடைவெளியில் மண்வெட்டியால் சின்னக் குழி எடுத்து, மண்ணைச் சலித்து, எதுவும் கிடைத்தால் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். இங்கிலாந்தில் 1990-க்குப் பிறகு, கட்டடம் கட்டுகிறவரே தொல்லியல் ஆய்வுச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நடைமுறை வேரூன்றியது.

நம் நாட்டு நிலைமை வேறு. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் எங்களுக்கு அடிப்படை. அதன் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. 15 கிலோமீட்டருக்குள் இயற்கை, நிலக்காட்சி, பண்பாடு சார்ந்து சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம் எதுவும் இருக்கிறதா என்பது. அதில் "சட்டப்படி பாதுகாக்கப்பட்ட" என்ற சொற்களைக் கவனியுங்கள். வேலூர்க் கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னம், அதனால் பதிலில் வந்துவிடும். 2010-இல் திருத்திய தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். ஆனால் ஆடு மேய்க்கிற கரட்டில் கிடக்கும் கல்வட்டத்தை, அதாவது பழைய புதைகுழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்களை, யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. பட்டியலில் இல்லாததால் படிவத்தில் "இல்லை" என்று வருகிறது. படிவத்தில் "இல்லை" என்று வந்தபின் நிலத்திலும் இல்லாமல் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆலோசனை நிறுவனங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும்போது 12 துறைகளுக்கு வல்லுநர் வேண்டும் என்கிறார்கள். நிலத்தடி நீருக்கு உண்டு, ஒலி அதிர்வுக்கு உண்டு, மண்வளத்துக்கு உண்டு. தொல்லியலுக்கு இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். உலக வங்கி போன்ற வெளிக்கடன் வருகிற திட்டங்களில்தான் பண்பாட்டு மரபுக்கென்று தனி நிபந்தனை இருக்கிறது. தோண்டும்போது எதுவும் தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தித் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை வருவதும் பெரும்பாலும் அந்த வழியில்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தை 1989-ல் இரண்டாகப் பிரித்தார்கள். 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடி பிரித்தார்கள். எல்லைகள் மாறினாலும் நிலம் ஒன்றுதான். இந்த நிலத்தில் என்ன இருக்கிறது? திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள், குழி வெட்டி மேலே கூரை போட்ட வீடுகள், கருகிப்போன கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. அதே இடத்தில் அடுத்த அடுக்கில் இரும்பு. இன்றைக்கும் நாம் கொள்ளு ரசம் வைக்கிறோம், அந்தக் கொள்ளு புதிய கற்காலத்திலேயே இங்கே அடுப்பில் ஏறியிருக்கிறது. செங்கம் பக்கம் மோட்டூரில் மனித உருவம் போல் செதுக்கிய பெரிய கல் ஒன்று கல்வட்டத்தில் நிற்கிறது. செங்கத்து நடுகற்களுக்கென்றே 1972-ல் தமிழகத் தொல்லியல் துறை ஒரு புத்தகம் போட்டது. மகேந்திரவாடியில் மகேந்திரவர்மப் பல்லவன் ஒற்றைப் பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்தான், அது அவன் பேரில் அமைந்த ஏரிக்கரையில் இருப்பதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. வள்ளிமலையில் சமணச் சிற்பங்கள். மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்த அரசன் நினைவாக எழுப்பிய கோயில். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. மயிலாடும்பாறைக்கும் நம் கரடுகளுக்கும் நடுவே எந்த வேலியும் இல்லை. அந்தப் பள்ளத்திலிருந்து டிப்பரில் போன மண்ணில் என்ன காலம் இருந்தது என்று இனி யாரும் அளக்க முடியாது.

நாங்கள் எப்படித் தேடுகிறோம் என்று மாணவர்கள் கேட்டிருந்தீர்கள். முதலில் மேசையில் தேடுவோம். ராபர்ட் சூவெல் 1882-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் போட்ட தொல்பொருள் பட்டியல், தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள், நில வரைபடம், செயற்கைக்கோள் படம் எல்லாவற்றையும் பார்ப்போம். அப்புறம் ஊர்ப் பெயர்களும் நிலப் பெயர்களும். நத்தமேடு என்று பெயர் இருந்தால் அங்கே ஒரு பழைய ஊர் புதைந்திருக்க வாய்ப்பு அதிகம். வேடியப்பன் கோயில் என்றால் உள்ளே நடுகல் இருக்கும். பிறகு நடை. பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளியில் ஆட்கள் வரிசையாக நடப்போம். கோடையில் புல் காய்ந்திருக்கும், கல் தெரியும். உழுது ஒரு மழை பெய்த கொல்லையில் ஓடு தெரியும். இரண்டுக்கும் நேரம் வேண்டும், ஆனால் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று நாள், நான்கு நாள்.

ஒன்றை முக்கியமாகத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே எங்களால் தோண்ட முடியாது. இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு முழம் குழிகூட எடுக்கக் கூடாது. அது நல்ல சட்டம், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே தெரிவதை மட்டும் வைத்துக் கீழே இருப்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எங்களுக்கு மண்ணைவிட முக்கியம் மனிதர்கள்.

அந்த ரோட்டு அனுபவத்துக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வேலையானாலும் முதல் கேள்வி, "மண் எங்கே எடுக்கப் போகிறீர்கள்?" அடுத்து ஜல்லிக்கு எந்தக் குவாரி, கலவை இயந்திரம் எங்கே, தொழிலாளர் கொட்டகை எங்கே. பதில் வரும்வரை அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன். இதனால் கைநழுவிப் போன வேலைகளும் உண்டு.

இரண்டு வருடம் கழித்து, வேறு ஒரு ரோடு. மண் எடுக்கக் குறித்திருந்த இடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். அதில் ஒன்று மலையடிவாரம். ஊரைச் சொல்லமாட்டேன், மன்னியுங்கள். சொன்னால் புதையல் தேடிக் கடப்பாரையோடு போகிற ஆட்கள் இருக்கிறார்கள். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அ-பதிவேட்டை, அதாவது ஊரின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலவகையும் வரியும் எழுதிய பதிவேட்டை, பார்த்தேன். நிலவகை, கல்லாங்குத்து. அதாவது கல்லும் பாறையும், உழவுக்கு உதவாத இடம். பதிவேடு எழுதியவர் செய்தது தப்பில்லை, அவர் பார்த்தது வரி வருமா வராதா என்பதை. அங்கே கல் இருப்பது உண்மைதான். அந்தக் கல் வட்டமாக இருப்பதைப் பதிவேட்டில் எழுத ஒரு கட்டம் கிடையாது.

மதியம் வரை நடந்தோம். துத்திச் செடியும் முள்ளும். ஒன்றும் புலப்படவில்லை. ஒரு ஆயா ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார். "இன்னா கண்ணு தேடுறீங்க, காலையிலருந்து பாத்துனுருக்கேன்" என்றார். பழைய கல் எதாவது இருக்கா ஆயா என்றேன். "பாண்டவன் குழியா? அது அந்தாண்ட இல்ல கீது. இங்க நின்னா தெரியாது. சாயங்காலம் வெயில் சாஞ்சா தெரியும்" என்றார்.

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். வெயில் தாழ்ந்து நிழல் நீண்டபோது, முள்ளுக்கு நடுவே வட்டம் வட்டமாகக் கற்கள் எழுந்து வந்தன. பதினொரு கல்வட்டங்கள். ஒன்றின் நடுவே பலகைக்கல் விளிம்பு, அதன் மேல் ஆட்டுக்குட்டி ஏறி நின்றது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

பதினொன்றையும் அளந்து, படம் எடுத்து, இருப்பிடம் குறித்து, ஒரு பக்கம் எழுதினேன். மண் எடுக்கும் இடத்தை மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தேன். பொறியாளர் முதலில் முகம் சுளித்தார். மறுநாள் அவரையும் சாயங்காலம் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் பட்டியலில் அந்தப் புல எண்ணை அடித்துவிட்டு ஒரு ஏரியின் மண்ணைக் குறித்திருந்தார். ஏரிக்கும் ஆழம் கூடியது. இப்படி எல்லா நேரமும் நடக்காது. ஆனால் வேலை தொடங்கும் முன் மாற்றச் செலவு குறைவு, இயந்திரம் வந்து நின்றபின் மாற்றச் செலவு அதிகம். என் அனுபவத்தில் இதைச் சொன்னால் கேட்டுக்கொள்கிற பொறியாளர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

வேலூரில் நின்றுகொண்டு இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996-ல் வந்த தீர்ப்பை இன்றைக்கு இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எல்லோரும் படிக்கிறார்கள். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அதில் ஒன்று. கெடுதல் வரும் என்று தோன்றினால், முழு நிரூபணம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. தீங்கு இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பும் தொழில் செய்கிறவருடையதே என்றது நீதிமன்றம். நம் ஊர் ஆற்றின் பேரால் வந்த நியாயம் இது. ஆற்றுத் தண்ணீருக்குப் பொருந்துகிற இந்த நியாயம் கரட்டில் இருக்கும் ஈமக்காட்டுக்கும் பொருந்தும் என்பது என் கட்சி. தண்ணீரையாவது பல வருடம் பாடுபட்டால் ஓரளவு மீட்கலாம். அள்ளிய ஈமக்காட்டை மீட்க வழியே இல்லை.

அதற்கு ஒரு கதவும் திறந்தே இருக்கிறது. பெரிய திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்னதாகத் தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வரும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும். போய்ப் படியுங்கள். "தொல்லியல் சின்னம் இல்லை" என்ற வரியைத் தேடுங்கள். உங்கள் ஊரில் இருந்தால், படத்தோடும் புல எண்ணோடும் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு அவர்கள் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். சிறிய குவாரிகளில் பலவற்றுக்கு இந்தக் கூட்டம் கிடையாது. அங்கே வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் முன்கூட்டியே போன கடிதம்தான் கைகொடுக்கும்.

மாணவர்கள் இந்த வேலைக்கு வர ஆசைப்பட்டால், கல்வெட்டு வாசிக்கிற அளவுக்கு அ-பதிவேடும் நில வரைபடமும் வாசிக்கப் பழகுங்கள். வரைபட மென்பொருள் கற்றுக்கொள்ளுங்கள். நிலவியல் கொஞ்சம் வேண்டும். ஒப்பந்த வேலைதான், மாதச் சம்பளம் நிச்சயமில்லை, அதை மறைக்க மாட்டேன். வெயில் உண்டு, பாம்பு உண்டு.

அந்த அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு அட்டவணை போட்டேன். புல எண், அளவு, நிலவகை எல்லாம் நிரப்பியாயிற்று. இடத்தின் பெயர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அலுவலகத்தில் "பெருங்கற்காலச் சின்னம், எண் 1" என்று போடச் சொன்னார்கள். நான் ஆயா சொன்ன பெயரையே எழுதினேன். பாண்டவன் குழி. மறுபடி அந்தப் பக்கம் போனபோது பதினொரு வட்டமும் இருந்தன. ஆயா இல்லை, அவர் பேத்தி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.